உடும்புப் பெரியப்பாவுக்கு ஒரு லேண்ட்லைன்

ஒரு காட்டில், பழைய காலத்தில் அல்ல, மரத்துக்கு மரம் செல்போன் டவர் முளைத்துவிட்ட இந்தக் காலத்தில்தான், மாசிலாமணி என்ற வயதான உடும்பு வாழ்ந்து வந்தார். உடும்பைப் போய் 'அவர்' என்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். எதிரில் போய் நின்று பாருங்கள், நீங்களும் 'அவர்' என்றுதான் சொல்வீர்கள்.

மலை உச்சியில் ஒரு பாறைக் குகை. அதில் தனிக்கட்டை. சொந்தம் என்று சொல்ல அடிவாரத்தில் தம்பி மகள் பூரணம் மட்டும்தான். அவள் கரையான் புற்று ஒன்றுக்குக் காவல் இருந்து பிழைத்தாள். சம்பளம் கரையானாகவே கிடைக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பாறாங்கல் உருண்டு வந்து பெரியப்பாவின் வால்மேல் உட்கார்ந்துவிட்டது. வழியோடு போன முள்ளம்பன்றி தள்ளிவிட்டதால் பிழைத்தார். பூரணம் சேதி கேட்டுப் பதறி ஓடி வந்தாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா பெரியப்பா?"

"கூப்பிட்டேம்மா. தொண்டை கிழியக் கத்தினேன். கழுகுதான் வந்துச்சு. எட்டிப் பாத்துட்டு, இன்னும் நேரம் இருக்குன்னு போயிடுச்சு."

பூரணத்துக்கு அன்று தூக்கம் போயிற்று. அடுத்த தடவை விழுந்தால் யாருக்குத் தெரியும்? செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அவர் 'அலோ' என்று ஆசையாகப் பிடித்த பிடியில் கண்ணாடி நொறுங்கிவிட்டது. உடும்பு பிடித்தால் சும்மாவா? சரி, கனமான ரிசீவர் வைத்த லேண்ட்லைன்தான் தாங்கும் என்று முடிவு செய்து, ஆலமரத்தடி போன் ஆபீசுக்குப் போனாள்.

கவுண்டரில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"வயசானவருக்குங்க. வெறும் போன் மட்டும் போதும். கொஞ்சம் மலிவா."

"வெறும் போனா?" நாரை அதிர்ச்சியில் இன்னொரு காலையும் கீழே ஊன்றிவிட்டது. "போன், இன்டர்நெட், முந்நூறு சேனல், எல்லாம் சேத்து வாங்கினாத்தான் மலிவு. வெறும் போன்னா விலை அதிகம்."

"பொருள் குறைஞ்சா விலை எப்படிங்க கூடும்?"

"மத்ததையெல்லாம் எடுத்துட்டுல்ல தரணும்? எடுக்கிற கூலி."

"அவருக்கு ஒரு கண்ணுதாங்க தெரியும்."

"அப்ப நூத்தம்பது சேனல் பாக்கட்டும். மூத்த பிராணிகளுக்குச் சலுகைத் திட்டமும் இருக்கு. ஆனா அவரே அவரோட லேண்ட்லைன்லேருந்து கூப்பிட்டுக் கேக்கணும்."

"அந்த லேண்ட்லைன் வேணும்னுதானே வந்திருக்கேன்?"

"அதையும் அதுலயே சொல்லிடலாம்."

பூரணம் விலகி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கக் கவுண்டரைப் பார்த்தால், ஒரு காட்டுப்பன்றிக்கு இரண்டு அணில்கள் விசிறிக்கொண்டிருந்தன. கையில் இளநீர். மயில் மேனேஜர் பக்கத்தில் நின்று உபசாரம் செய்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு மட்டும் என்ன அண்ணாச்சி இந்தக் கவனிப்பு?"

பன்றி ரகசியமாகச் சொன்னது: "இது போகவிடாப் பிரிவு தங்கச்சி. போன் வேணும்னு வர்றவங்க அந்தப் பக்கம். வேண்டாம்னு வர்றவங்க இந்தப் பக்கம். நான் வருசா வருசம் வேண்டாம்னு வந்துடுவேன்."

பூரணம் அதுவரை பொய்யே சொன்னதில்லை. பழக்கம் இல்லாததால் கொஞ்சம் பெரிய பொய்யாகச் சொல்லிவிட்டாள்.

"சார், எங்க பெரியப்பா கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுங்க."

மயிலின் தோகை அப்படியே தொங்கிப்போனது. "ஐயையோ! என்னம்மா குறை?"

"மணியே அடிக்கிறதில்ல. அவர் பேசினா யாருக்கும் கேக்கிறதில்ல. போன் இருக்கிற மாதிரியே தெரியல."

இந்த மூன்றும் சத்தியமான உண்மை.

மயில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மாசிலாமணி என்ற பெயரே இல்லை. அவருக்கு வியர்த்தது. "பேரே அழிஞ்சு போற அளவுக்கா லைன் செத்துக் கிடந்திருக்கு? தப்பு எங்க மேலதாம்மா." விலையைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் விழித்தாள். கடைசியில், மாதம் ஒரு கைப்பிடி கரையான் விலைக்கு வந்து நின்றார். "வெளியில மட்டும் சொல்லிடாதம்மா."

அன்று மாலையே மரங்கொத்தி லைன்மேன் ஒயரை இழுத்துக்கொண்டு மலையேறி, சிவப்பு போன் ஒன்றைக் குகைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனது.

வாடகை மலிவுதான். ஆனால் பேசினால் காசு. அந்தக் காட்டில் யாரும் காசு கொடுத்துப் பேச மாட்டார்கள். எல்லாம் மிஸ்டு கால்தான். மான்களுக்குள் ஒரு மணி அடித்தால் புல் இருக்கிறது, இரண்டு மணி அடித்தால் புலி இருக்கிறது.

"தினம் காலைல மிஸ்டு கால் குடுப்பேன் பெரியப்பா. எடுத்துத் தொலைச்சுடாதீங்க, காசு போயிடும். எடுக்கலைன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

"நல்லா இல்லைன்னா?"

"எடுங்க."

பெரியப்பா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து யோசித்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார்.

கொஞ்ச காலம் எல்லாம் ஓரளவு ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் வெயில் காயப் போனவர், குகை வாசலில் இருந்த பாறை இடுக்கில் தலைகுப்புற விழுந்துவிட்டார். நான்கு காலும் ஆகாயத்தில். உள்ளே போன் அடித்தது. எடுக்கத் துடித்தார். எட்டினால்தானே?

அடிவாரத்தில் பூரணம் தன் செல்போனைக் காதோரம் வைத்துக் கேட்டாள். எடுக்கவில்லை. "நல்லா இருக்கார்" என்று வேலைக்குப் போய்விட்டாள். மறுநாளும் எடுக்கவில்லை. "முன்னெல்லாம் மறந்துபோய் எடுத்துடுவார். இப்ப எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு!" என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாள்.

அதே சமயம் போன் ஆபீசில் ஒரு கிளி அலறிக்கொண்டு வந்தது. சலுகை வாங்கியவர்களைக் கூப்பிட்டு 'திருப்தியா?' என்று விசாரிப்பது அதன் வேலை.

"சார், மாசிலாமணி ஐயா எடுக்கவே மாட்டேங்கிறார்!"

மயில் துள்ளி எழுந்தார். "எதிர்க் கம்பெனி நரி மலையேறிட்டான்டா! கிழவரை இழுத்துட்டான்! கிளம்புங்க எல்லாரும்!"

மயில், நாரை, கிளி, மரங்கொத்தி எல்லாம் மூச்சிரைக்க மலையேறின. குகையில் ஆள் இல்லை. பாறை இடுக்கில் நான்கு கால்கள் தெரிந்தன. மயில் குனிந்து கதறினார்.

"ஐயா! எங்களை விட்டுப் போயிடாதீங்க!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்கய்யா போறது? முதல்ல தூக்குங்க!"

"இன்னும் ரெண்டு வருசம் இருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்கும் அதுதான்யா ஆசை. தூக்கித் தொலை!"

மரங்கொத்தி ஒயரை இறக்கியது. அவர் அதில் வாலைச் சுற்றிக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டார்கள். சேதி தெரிந்து பூரணம் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"எடுத்திருக்கக் கூடாதா பெரியப்பா?"

"நீதானேம்மா எடுக்காதேன்ன?"

அன்றிலிருந்து மாசிலாமணி காசைப் பார்ப்பதில்லை. அலுப்பாக இருக்கும்போதெல்லாம் போகவிடாப் பிரிவுக்குப் போன் போட்டு, "கட் பண்ணிடலாமான்னு ஒரு யோசனை" என்பார். அடுத்த நிமிடமே மயிலும் நாரையும் முட்டைக் கூடையோடு மலையேறி வந்து, காலைப் பிடித்துவிட்டு, இரவு நன்றாகத் தூங்கினாரா என்றுவரை விசாரித்துவிட்டுப் போவார்கள்.

பூரணமும் தவறாமல் மிஸ்டு கால் கொடுக்கிறாள். அவர் எடுப்பதில்லை. அவளுக்கும் நிம்மதி.

நீதி: வயதான காலத்தில் தேடி வர ஆள் வேண்டுமென்றால், 'உன்னை விட்டுப் போய்விடுவேன்' என்றதும் பதறுகிற இடமாகப் பார்த்து வாடிக்கை வைத்துக்கொள்ளவும். சொந்தக்காரர்களிடம் இந்த மிரட்டல் செல்லாது.