பெரிய ‘ற’

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஏணியில் ஏறியதைவிட அதிகத் தடவை இறங்கிய பெயிண்டர் இவர் ஒருவர்தான் அகப்படுவார். கணக்கு இடிக்கிறதே என்று கேட்காதீர்கள். இவர் விஷயத்தில் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

எண்பதுகளின் கடைசியில், மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் குடியிருந்தார். ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருப்பார். கீழே போகிறவர் யாராவது, “சாப்பிட்டாச்சாண்ணே?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் படிப்படியாக இறங்கி வந்து, கேட்டவரின் முகத்துக்கு நேரே நின்று, “ஆச்சு” என்பார். பிறகு மறுபடி ஏறுவார். பால்காரருக்கு ஒரு இறக்கம், தபால்காரருக்கு ஒரு இறக்கம். எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றுக்குப் பச்சை அடிக்க ஒரு வாரம் ஆனது.

“மேல நின்னே பதில் சொன்னா என்னண்ணே?” என்று கடுப்பாகக் கேட்டேன்.

“தப்பு நைனா. ஆண்டவரே மேலேந்து சவுண்டு உட்டுகினு இருக்கல. எறங்கி வந்து, நம்மள மாரி பசிச்சு, அலுத்து, மூஞ்சிக்கு நேரா நின்னு பேசினாரு. நான் இன்னா அவருக்கு மேலயா?”

தெருவில் யாரும் இதை நம்பவில்லை. ஆளுக்கு உயரமென்றால் பயம், அதை மறைக்கத்தான் வேதம் பேசுகிறார் என்பது பொதுத் தீர்ப்பு. அதற்குச் சாட்சியாக எங்கள் கிறிஸ்தவ சபைக் கோபுரமே நின்றது. அடியிலிருந்து முக்கால்வாசி பளிச்சென்று வெள்ளை. உச்சி மட்டும் வெறும் சிமெண்ட். கேட்டால், “அது ஆண்டவரு மேலேந்து பாக்குற எடம். அவரு வெளிப்பூச்ச பாக்குறவரு இல்ல” என்று முடித்துவிடுவார்.

சபைச் செயலாளர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கோபுரத்தைக்கூட அவர் மன்னித்தார். மதில் சுவரை மன்னிக்கவில்லை. அந்த மதிலில் ‘ஆண்டவரின் இரக்கம் பெரியது’ என்று எழுதச் சொல்லியிருந்தார். நம்மவர் ஆளுயர எழுத்தில், நிழல் கொடுத்து, அழகாக எழுதி வைத்தது: ‘ஆண்டவரின் இறக்கம் பெரியது.’

“சின்ன ‘ர’ போடணும்யா! லாரிக்காரன் பிரேக் புடிக்கிறானே, அதுதான் இந்த இறக்கம்!” செயலாளருக்கு மூச்சு வாங்கியது.

“எறங்காம இன்னா ஐயா இரக்கம்? ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் ஒண்ணா? கிறிஸ்மஸுக்குள்ள திருத்தல, இனிமே இந்தக் கேட்டுக்குள்ள உமக்கு வேலை கிடையாது.”

அன்றிலிருந்து அவர் பெயர் ‘பெரிய ற’. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அந்த டிசம்பரில் கோபுரத்தில் ஸ்டார் கட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கு அப்போது இருபது வயசு, கொழுப்பு. கோபுரத்தின் வெளிச்சுவரில் இரும்புக் கம்பியை வளைத்து, எட்ட எட்டப் பதித்த படிகள் உண்டு. சாயங்காலம் தூறல் விட்டதும் விறுவிறுவென்று ஏறிவிட்டேன். கடைசிப் படிக்குக் காலை எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். விட்டு வந்த படி துருப்பிடித்த காரையோடு பெயர்ந்து கீழே போனது. அது கல்தரையில் விழுந்த சத்தம் மேலே வரை கேட்டது.

இப்போது என் காலுக்குக் கீழே வெறும் சுவர். அதற்கடுத்த படி கால் நீட்டினாலும் எட்டாத பள்ளத்தில். பிடித்திருந்த கம்பியும் லேசாக ஆடியது. மறுபடி தூறல் ஆரம்பித்தது. சபையில் இருந்த ஏணி பாதிக்குக்கூட வரவில்லை. நீள ஏணிக்கு எஸ்டேட் ஃபேக்டரிகள் பக்கம் ஆள் ஓடியது. என் விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. ஏணி வரும்வரை அவை தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கீழே ஊரே கூடிவிட்டது. ஆலோசனைக்குப் பஞ்சமில்லை.

“விசுவாசமா காலை வைப்பா, படி இருக்கும்!” என்றார் செயலாளர்.

“படி இல்லைங்கய்யா!” என்று அலறினேன்.

“ஏல, கண்ண மூடிக்கிட்டு எறங்குல!” இது திருநெல்வேலியிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் குரல் குறையாத என் அம்மா. கண்ணை ஏற்கெனவே மூடித்தான் இருந்தேன்.

எல்லோரும் “இறங்கு, இறங்கு” என்று கத்திக்கொண்டிருந்தபோது, படிகளில் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ பெருமூச்சு விட்டபடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“நைனா, வந்துகினே கீறேன். கீழ பாக்காத.”

பெரிய ற! எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. “அண்ணே, வேணாம்ணே! உங்களுக்குத்தான் பயமாச்சே!”

“பயந்தான். கை எப்டி ஒதறுது பாரு. கீழ நின்னு தைரியம் சொல்ல ஊரே கீது. கூட நின்னு பயப்பட ஒர்த்தன் வாணாமா?” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல பயந்து வேர்த்து நின்னவருதான். அவருக்குத் தெரியும்.”

இதற்குள் பெயர்ந்த படிக்கு நேர் கீழே வந்து சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். படி இருந்த உயரத்தில் இப்போது அவர் தோள்.

“வெய்யி கால.”

“தாங்குமாண்ணே?”

“மேலேந்து யோசிச்சா தெரியாது. வெச்சாத்தான் தெரியும்.”

“வழுக்கிட்டா?”

“வழுக்குனா என் மேலதான் உழுவ. அதுக்குத்தான் கீழ நிக்கிறேன்.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணியும் பண்ணாத. கால வெய்யி. மிச்சம் என் ஜோலி.”

வைத்தேன். அந்தத் தோள் நடுங்கியது, என் கால் நடுங்கியது, எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை. ஆனால் தோள் நகரவில்லை. அதிலிருந்து நழுவி அடுத்த படியைப் பிடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் என் பாதத்தைக் கையால் பிடித்து, கம்பி மேல் வைத்துவிட்டுத்தான் அவர் ஒரு படி இறங்கினார்.

தரைக்கு வந்ததும் அம்மா என்னை அறைந்து, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பெரிய ற அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, ஒரு சோடா கேட்டார். பாதி குடித்துவிட்டுச் செயலாளரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, அந்த எழுத்த நாளைக்கு மாத்திடவா?”

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைத்தண்ணீர் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னார். “பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்” என்றார். அந்தப் பண்டிகை முடிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ பண்டிகைகளும் முடிந்தன.

கோபுரத்தின் உச்சிக்கு வெள்ளை அடிக்க அவர் கடைசிவரை ஏறவில்லை. கூலிக்கு ஏறாத இடத்துக்கு எனக்காக ஒரு தடவை ஏறினார்.

இப்போது ஒரு பத்திரிகையில் பிழை திருத்துவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் விடமாட்டேன். நானே எழுதும்போது மட்டும், இரக்கம் என்று வருகிற இடத்தில், என் பேனா தானாகப் பெரிய ‘ற’ போட்டுவிடுகிறது. அதை அடிக்க எனக்கு மனசு வருவதில்லை.