போளிக்காக வந்த பாலைவன விதை

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஆர்ஷாவின் கல்யாணத்தில், போளியைப் பிய்த்துப்போட்டு, மேலே பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றே தீருவது என்று குற்றாலலிங்கம் முடிவு கட்டிவிட்டார். தடுக்கிறவர் யாராக இருந்தாலும் சரி. தடுக்கிற ஆள் ஒரே ஆள்தான். அவர் சம்சாரம் ஆவுடைத்தாய்.

சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் ராணுவ ஆட்சி. கரமனையில் எந்தக் கல்யாணமானாலும் அவருக்குப் பக்கத்து இலை அவளுடையது. போளி வருகிற நேரம் அவள் கை நீளும். முறம் மாதிரி விரிந்து அவர் இலையை மூடும்.

அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் வேலை. ராஜஸ்தான் சரக்கோடு வந்த பொட்டலம் ஒன்றோடு, கோட்டையைப் பிடித்தவர் போல வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏட்டி ஆவுடை, சக்கரைக்கு மருந்து வந்தாச்சு! பாலைவனத்துல வெளையுத குமட்டிக்கா வெத."

"கசப்புல கழுதகூட மோந்து பாத்துட்டு நவுந்து போவுமே, அதா?"

"கழுதைக்கு என்ன தெரியும்? சொட்டுத் தண்ணியில்லாத மணல்ல தாக்குப்பிடிக்கணும்லா, அதுக்காவ அந்தச் செடி வெதைக்குள்ள என்னென்னவோ சத்தைச் சேத்து வச்சிருக்கு. அதக் கொடுத்தா சக்கரை எறங்குதாம். ஆராய்ச்சிட்டி! போன்ல கெடக்கு, பாரு."

"யாருக்கு எறங்கிச்சு?"

இப்போது குரல்தான் இறங்கியது. "எலிக்கு."

"எலிக்கும் சக்கரை உண்டா?"

"ஆராய்ச்சிக்காரங்களே வர வச்சாங்களாம்."

"பொண்டாட்டி எலி சரியாக் கவனிக்கலபோல."

"கேளுட்டி. ஒரு கரண்டி வெதப்பொடி. பொறவு ரெண்டு போளி. அது ஏத்தும், இது எறக்கும். சரியாப் போச்சுல்லா?"

சண்டைக்குத் தயாராக நின்றார். அவளோ போனை வாங்கி, அந்த ஆராய்ச்சியைப் போனையே வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"எலிக்குச் செஞ்ச மாதிரியே செய்யணும். சம்மதமா?"

"அட்சரம் பிசகாம!"

"பொறவு பேச்சு மாறப்படாது."

"நானா மாறுவேன்?" பொட்டலம் அவள் கைக்குப் போயிற்று.

குற்றாலலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாலைக் கடைத்தெருவில் அவர் சொல்லாத ஆளில்லை. "அண்ணாச்சி, நான் ஒரு ஆராய்ச்சியில இருக்கேன்." சனிக்கிழமை ராத்திரி அவள் அடுப்பை மூட்டவில்லை. எலியைப் பட்டினி போட்டுத்தான் ஆரம்பித்தார்களாம். அவருக்கு அதுவும் சந்தோஷம்தான். வயிற்றில் போளிக்கு இடம் கூடுமே!

பந்தியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். எதிர் வரிசைக்கெல்லாம் பாலைவனத்தை விளக்கினார். பருப்பு வந்தது, கையைக் காட்டி அனுப்பினார். சாம்பார் வந்தது, அதையும் அனுப்பினார். எல்லாம் போளிக்கான இடம்!

வந்தது ஐயா, போளி. பட்டுத்துணி மடித்து வைத்ததுபோல இரண்டு. ஆவுடைத்தாயின் கை மடியை விட்டு அசையவில்லை. ஜெயித்தாயிற்று!

பாயச வாளி நெருங்கும்போது அவள் மெல்லக் கேட்டாள். "ஏங்க, அந்த எலியள்ல ரெண்டு கோஷ்டி உண்டே, ஓர்மையிருக்கா?"

"ரெண்டா?"

"ஒரு கோஷ்டிக்கு வெத. இன்னொன்னுக்கு வெத கெடையாது, வெறும் சாப்பாடு. ரெண்டையும் ஒத்துப் பாத்தாத்தான் ஆராய்ச்சி. ஒரே எலி ரெண்டுலயும் இருக்க முடியுமா?"

"அது எப்படி முடியும்?"

"நீங்க எதுல?"

எதிர் வரிசை முழுக்க அவரையே பார்த்தது. ஊரெல்லாம் சொன்ன வாய் இப்போது எப்படி மாறும்? "வெதக் கோஷ்டி," என்றார்.

"அப்ப நான் சாப்பாட்டுக் கோஷ்டி." அவர் இலையிலிருந்த போளி இரண்டும் அவள் இலைக்குக் குடிபோயின. பால்பாயசம் அங்கேயே இறங்கியது.

அவருக்குக் கண் இருட்டியது. "பசிக்குதுட்டி. அந்த வெதப்பொடியையாவது தா."

"டாக்டரம்மாட்ட கேட்டேன். மனுசங்க தொடப்படாதாம். எலிக்கு மட்டுந்தானாம்."

விளம்புகிறவர் கடைசி வாளியோடு வந்து, "சேட்டா, கை நீட்டு," என்றார். ஆராய்ச்சிக்காரர் நீட்டினார். ஒரு கை மோர் விழுந்தது.