ஆறு ஆடுகளின் வயிற்றில் ஒரு காடு

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஆட்டுப் புழுக்கையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கலாம் என்று ஏதாவது வரம்பு இருந்தால், அதை நான் இருபத்தாறு வயதிலேயே தாண்டிவிட்டேன். மூன்று முழுப் பகல்கள். அதுவும் இன்னொருவர் வீட்டுக் கொல்லையில், இன்னொருவருடைய ஆடுகளுக்குப் பின்னால், கையில் ஒரு தகர டப்பாவோடு. இதை வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது கௌரவம். (எழுதக்கூடியவர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார். எனக்குக் காப்பி போட்டுத் தருபவர்.)

எண்பதுகளின் பிற்பகுதி. வேலூரில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். (ஆடுகளுக்கும் எனக்குமான பூர்வஜன்மத் தொடர்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.) பகலெல்லாம் ஏற்றுமதிக் கடிதங்களை அடித்துவிட்டு, சாயங்காலம் நூலகத்துக்குப் போய் மண், மழை, காடு என்று அட்டையில் அச்சாகியிருந்த எல்லாவற்றையும் படிப்பேன். படிக்கப் படிக்க, உலகத்தைக் காப்பாற்றும் துறையில் ஆள் பற்றாக்குறை இருப்பது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைக்குச் சற்று உள்ளே தள்ளி, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குடியிருப்பு அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூரை வீடு, கேழ்வரகுக் கூழ், மின்சாரம் கிடையாது. மலைச்சரிவில் மறுபடியும் காடு வளர்ப்பது ஒன்றே வேலை. அந்தக் காலத்தில் மலை ஏறக்குறைய மொட்டை. விறகுக்கு வெட்டியது பாதி, ஆடு மேய்ந்தது பாதி. ஊர்க்காரர்கள் அந்த இடத்தைத் 'தாடிக்காரங்க தோட்டம்' என்பார்கள். எனக்கு அப்போது தாடி சரியாக வளராது. அது ஒன்றுதான் என் தகுதிக் குறைவு என்று நினைத்தேன்.

வேலையை ராஜினாமா செய்தேன். கடிதம் நாலு பக்கம். அதில் இயந்திர நாகரிகத்தின் வீழ்ச்சி மட்டும் ஒன்றரைப் பக்கம். மேனேஜர் முதல் வரியைப் படித்துவிட்டு, சட்டென்று முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கும் அதே நீளத்தில் ஒன்று எழுதினேன். அவரிடமிருந்து போஸ்ட்கார்டில் பதில் வந்தது. "எட்டு நாள்." அவ்வளவுதான். மீதி இடம் முழுக்கக் காலி.

குடியிருப்பை நடத்தியவர் பரமசிவம் அண்ணன். பேங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அவர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். புதிதாக வருகிறவர் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். விதிகள் இரண்டுதான். உயிரோடு இருக்கும் மரத்தை வெட்டக் கூடாது. ஆட்டை உள்ளே விடக் கூடாது.

நாற்றங்கால், விதை எல்லாம் கன்னியம்மாவின் பொறுப்பு. அடி அண்ணாமலைக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் வந்த முதல் நாள் கடப்பாரையைக் கொடுத்துக் குழி வெட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் ஆளுக்கு எட்டு வெட்டிவிட்டுக் கூழ் குடிக்கப் போனபோது நான் ஒன்றை முடித்து நிமிர்ந்தேன். கன்னியம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"இது செடி வெக்கிறதுக்கா சார், இட்லி ஊத்துறதுக்கா?"

அதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடும் 'சார்' என்ற சொல்லுக்குள் ஒரு இட்லி இருந்துகொண்டே இருந்தது. அடுத்த நாட்களில் குளிக்கும் தண்ணீர் செடிக்குப் போகும் என்பது தெரியாமல் மூன்று சோப்புக் கட்டிகளோடு வந்து நின்றது, வேலி கட்டப் போய் நானே வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது என்று என் சேவை தொடர்ந்தது. ஆனாலும் எட்டு நாள் தாண்டியது. ஒன்பதாவது நாள் அப்பாவுக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டேன். "ஒன்பது." மீதி இடத்தைக் காலியாகவே விட்டேன்.

பதினைந்தாவது நாள் வாக்கில் பரமசிவம் அண்ணனுக்கு என் கையைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கன்று நடப் போகிறோம், எல்லோரும் வர நாலைந்து நாள் ஆகும், நீங்கள் இங்கேயே இருந்து விதையைத் தயார் செய்யுங்கள் என்றார்.

விதை என்பது ஒரு கோணி மூட்டைக் கருவேலங்காய். கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அந்தக் கோடை முழுவதும் ஏரிக்கரை ஏரிக்கரையாக அலைந்து பொறுக்கியது. மேற்குச் சரிவில் அந்த வருஷம் வரப்போகும் காடு மொத்தமும் அந்தக் கோணிக்குள்தான் இருந்தது. அது போனால் அடுத்த காய் அடுத்த கோடைக்குத்தான். காயை உலக்கையால் குத்தி, புடைத்து, விதையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வந்ததும் வெந்நீரில் ஊறப் போட்டு, மழைக்கு முன்னால் விதைத்துவிடுவார்கள். புறப்படும்போது கன்னியம்மா மூட்டையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார், குழந்தையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர் மாதிரி.

"சார், குத்துறது மட்டும்தான் வேலை. யோசிக்கிறதெல்லாம் வேணாம்."

அரை மணி நேரம் குத்தினேன். கையில் புதுக் கொப்புளம் இரண்டு. ஒரு பிடி விதைகூடத் தேறவில்லை. அந்த வலியில்தான் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. கருவேலம் மாதிரி கெட்டித் தோல் உள்ள விதைகள் ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் தோல் இளகிச் சீக்கிரம் முளைக்கும். ஆடு காயைத் தின்னும். அசை போடும்போது பாதி விதையைத் துப்பிவிடும். மீதி புழுக்கையோடு வரும். உலக்கை வேண்டாம், முறம் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். இதை நான் அறிவியல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இது உலக்கையிடமிருந்து தப்பி ஓடுவதற்கு அறிவியல் கொடுத்த பஸ் டிக்கெட்.

ஆட்டை உள்ளே விடக் கூடாது என்பதுதானே விதி? விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எவரும் சொல்லவில்லையே? (நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.) மறுநாள் விடிந்ததும் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அடி அண்ணாமலையில் ஆறு ஆடு வைத்திருந்த முனுசாமியிடம் போனேன். காய் சும்மா தருகிறேன், நாளைக் காலையில் வந்து பட்டியைப் பெருக்கி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முனுசாமி என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெருக்கி விடுறீங்களா? நீங்களே வந்தா? சரி சார். உங்க மனசு யாருக்கு வரும்."

ஆறு ஆடுகளும் காயைக் கடகடவென்று கடித்துத் தின்றன. அந்தச் சத்தம் எனக்கு ஒரு தொழிற்சாலை ஓடும் சத்தமாகக் கேட்டது. இயந்திர நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிய நான், ஆறு இயந்திரங்களை ஓடவிட்ட பெருமையோடு திரும்பி வந்து, பகலெல்லாம் ஒரு வேப்பமரத்தடியில் படுத்திருந்தேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். பட்டி காலி. நாலைந்து புழுக்கை மட்டும் கிடந்தது. முனுசாமி புதுத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குச் சந்தை சார். நாலு நாள்ல பக்ரீத் வருதில்ல? உங்க காய் தின்னதுல ஒவ்வொண்ணும் வயிறு கும்முனு பொடைச்சிக்கினு இருந்துச்சி. பாத்த ஒடனே வாங்கிட்டாங்க." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அடுத்த வாரம் ரெண்டு குட்டி விக்கணும். இன்னொரு மூட்டை கெடைக்குமா?" என்றார்.

கன்னியம்மா நடந்த ஏரிக்கரைகள் எல்லாம், மேற்குச் சரிவு முழுவதும், ஆறு வயிறுகளில் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய்விட்டன. நாலு நாளில் பக்ரீத். வாங்கியது யார் என்று கேட்டேன். நல்லவேளை, ஆறையும் ஒரே ஆள்தான் வாங்கியிருந்தார். டவுனில் ட்ரங்குப் பெட்டி செய்கிற பாஷா பாய். அண்ணன் தம்பி மூன்று பேர், வீட்டுக்கு இரண்டு; பண்டிகை வரை ஆறும் பாய் வீட்டுக் கொல்லையில்தான்.

மறுநாள் காலையில் பாஷா பாயின் பட்டறையில் போய் நின்றேன். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, அரைகுறைத் தாடி. பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்கார்ந்தது. ஜீவகாருண்யம் பற்றிப் பிரசங்கம் செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். டீ வரவழைத்தார். குர்பானி எதற்காகக் கொடுக்கிறோம், அதில் ஏழைகளுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று நிதானமாக விளக்கினார். நானும் நடுவில் பேசத் தெரியாமல், தலையாட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டேன். கடைசியில், "அதனால ஆட்டைத் திருப்பித் தர்றதுக்கு இல்ல தம்பி," என்று முடித்தார்.

"ஆடு வேணாம் பாய்."

"அப்புறம்?"

"அது போடுறது வேணும்."

பட்டறையில் மற்றவர்கள் தகரம் தட்டுகிற சத்தமும் மொத்தமாக நின்றது. பாய் என் கண்ணை உற்றுப் பார்த்தார், மருத்துவர் பார்க்கிற மாதிரி. நான் மூட்டை, உலக்கை, அறிவியல், முனுசாமி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். உங்கள் ஆடுகளின் வயிற்றில் எங்கள் காடு இருக்கிறது என்று நான் சொன்னபோது, அவர் எழுந்து கொல்லைப்பக்கம் திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிட்டார். இதைத் தனியாகக் கேட்பது பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். அவரிடம் நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"பண்டிகை வரைக்கும் எடுத்துக்கோங்க," என்றார் ஒருவழியாக. "ஆனா ஆட்டுக்குத் தண்ணி காட்டுறது, தழை போடுறது, கொல்லைய சுத்தமா வெச்சிக்கிறது எல்லாம் உங்க வேலை. எனக்கும் வேலை கம்மியாவும்."

இப்படியாக, உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் ஆடு பார்த்துக்கொள்கிற வேலையில் அமர்ந்தேன். பாய் ஒரு புது டப்பா செய்து கொடுத்தார், பிடி வைத்து. விடியற்காலையில் சைக்கிளில் வருவேன். இரவு அசை போட்டுத் துப்பியதை அந்த அம்மா ஒரு ஓரமாகக் கூட்டி வைத்திருப்பார். அதைக் கிளறி விதை பொறுக்குவேன். பிறகு ஆடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். அப்படி உட்கார்ந்து ஒரு ஜீவன் என்ன தரப்போகிறது என்று எதிர்பார்த்திருப்பதில் ஒரு தியான நிலை வந்துவிடுகிறது. மலையைச் சுற்றி எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தேடுகிறார்கள். எனக்குக் கேட்டது கையில் கிடைத்துக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் தக்காளிச் சாதம். பாயின் தம்பிகள் வேறு வேலையே இல்லாத மாதிரி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னைக்கு எத்தினி மரம் தம்பி?" என்று அவர்களில் மூத்தவர் விசாரிப்பார். பழுப்பு நிறத்தில் ஒரு கிடா மட்டும் மலச்சிக்கலோ பிடிவாதமோ, எதையும் விட்டுத் தருவதாக இல்லை. அதைத் தடவிக்கொடுத்துக் கெஞ்சினேன். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டேன், எங்கள் மேனேஜரின் பெயர்.

மூன்றாவது நாள், பண்டிகைக்கு முதல் நாள், மத்தியானம். டப்பாவில் பாதிக்கும் மேல் சேர்ந்திருந்தது. எல்லோரும் திரும்ப இன்னும் ஒரு நாள் இருந்தது; அதற்குள் விதையைக் கழுவிக் காயவைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் அப்போதுதான் மனமிரங்கியிருந்தார். நான் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது பட்டறைப் பக்கம் ஒரு குரல் கேட்டது. பூவாளியில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பற்றவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாயிடம் கேட்கும் குரல். செங்கம் வேலை ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டிருக்கிறது. எங்கள் பூவாளிகளைப் பழுது பார்ப்பவர் பாஷா பாய்தான் என்பது, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாய் வெள்ளை மனசுக்காரர். "உங்க தோட்டத்துப் புள்ளதான் பின்னால இருக்குது," என்று அனுப்பிவிட்டார்.

கன்னியம்மா கொல்லைக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார்.

"கையில இன்னா?"

விரித்துக் காட்டினேன். அதில் ஒன்றை எடுத்துப் புடவையில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். தன் விதையை அவருக்குத் தெரியாதா?

"மூட்டை எங்க சார்?"

ஆறு ஆடுகளையும் காட்டினேன். மேனேஜர் சரியாக அந்த நேரம் பார்த்து ஏப்பம் விட்டார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கண் மட்டும் கலங்கியது. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். பொறுக்க ஆரம்பித்தார். நான் ஒன்று எடுப்பதற்குள் அவர் எட்டு எடுத்தார். குழி வெட்டியபோது இருந்த அதே விகிதம். பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆட்டுப் பட்டி வெதை நல்லா மொளைக்கும்னு எங்க ஊர்ல மூக்கு ஒழுவுற புள்ளைக்குக்கூடத் தெரியும் சார். பட்டியில கெடக்கிறத பெருக்கி எடுப்போம். மூட்டையத் தூக்கி அது வாயில குடுக்க மாட்டோம். அதுக்குப் படிச்சிருக்கணும்."

இருட்டுவதற்குள் டப்பா நிறைந்தது. கொடுத்ததில் முக்கால் பங்கு திரும்பியிருக்கும் என்றார் கன்னியம்மா. மறுநாள் அந்தக் கொல்லைப் பக்கம் நான் போகவில்லை. மேனேஜரை நினைத்துக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆடி மழையில் விதைத்தார்கள். என் ஒரு மாதம் முடிவதற்கு முன்பே பாத்தி முழுக்கப் பச்சை. எந்த வருஷமும் இப்படி முளைத்ததில்லை என்று எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வட்டமாக உட்கார்ந்தபோது பரமசிவம் அண்ணன் வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார்.

"முறை சரி தம்பி. ஆள்தான் சரியில்ல."

வேண்டாம் என்று யாரும் கையைத் தூக்கவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கன்னியம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். "சாரு டவுன்லயே இருக்கட்டும். நமக்கு லெட்டர் கிட்டர் அடிச்சித் தரட்டும். அதுல வெதை எதுவும் இல்ல." அப்படியே ஆயிற்று. வேங்கிக்கால் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன்; மரம் நடுகிறவர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அப்பா கடைசிவரை என் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டுக்குப் பின்னால் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும் என்பார்.

என் கல்யாணத்துக்குப் பாஷா பாய் ஒரு ட்ரங்குப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே, பிடி வைத்த ஒரு சின்ன டப்பா. புதுப்பெண் இது எதற்கு என்று கேட்க, பாயின் வீட்டம்மா அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். கால் மணி நேரம் கழித்து வந்தவள், அன்று முழுவதும் என் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் தவித்தாள். வெட்கம் என்று உறவினர்கள் சொன்னார்கள்.

இன்று மேற்குச் சரிவில் நிழல் இருக்கிறது. வெளியூர் ஆட்கள் பார்க்க வந்தால் கன்னியம்மா கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பகுதியாகக் காட்டுவார்: இது பரமசிவம் அண்ணன் வைத்தது, இது நாங்கள் வைத்தது. கருவேலம் நிற்கும் இடம் வந்தால், "இது ஆடுங்க வெச்சது," என்பார். என் பெயர் வராது. ஒருமுறை நானும் கூட நின்றேன். வந்தவர்களில் ஒருவர் என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். கன்னியம்மா கொஞ்சம் யோசித்து, "தீனி போட்டவரு," என்றார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். போன மாதம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் அவரை விதை கொண்டுவந்தாள். தொட்டியில் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை திருப்பிக்கொண்டிருந்த என் மனைவி, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்:

"அப்பாகிட்ட குடுக்காதடி. அப்புறம் யார் வீட்டு வாசல்ல போய் உக்காரணுமோ."