ஏழு மூலை வேண்டிய அறை

ஓர் அறைக்கு எத்தனை மூலை இருக்க வேண்டும் என்பது பற்றி வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் அதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வெள்ளைக்காரன் கட்டி, வெகுகாலம் பூட்டிக் கிடந்த பிள்ளைக்காம்பராவுக்கு நாலு மூலை. அதில் ஒன்று ஒழுகும். நாலுக்கும் நடுவில் இருபது சொச்சம் பிள்ளைகளை உட்கார வைத்து ஜெசீகா முன்பள்ளி நடத்தி வந்தாள். பிள்ளைகள் பாடினார்கள், எண்ணினார்கள், அடித்துக்கொண்டார்கள், தூங்கினார்கள். தாய்மார் நிம்மதியாக மலையில் கொழுந்து எடுத்தார்கள். எந்தக் கொள்கையும் இல்லாமல் கல்வி இப்படி நடந்துகொண்டிருந்தது.

போரை நிறுத்திச் சமாதானம் பேசிய வருஷங்கள் அவை. நாட்டுக்குள் வெளிநாட்டுக் காசோடு திட்டங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்று பதுளைக்கு வந்து, 'மூலைசார் மகிழ்ச்சிக் கற்றல்' என்று ஒரு சுற்றறிக்கையாகி, முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரி குமாரசிங்கத்தோடு ஜீப்பில் ஏறி மேற்பிரிவுக்கும் வந்து சேர்ந்தது.

குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன். சுற்றறிக்கையில் இல்லாத கெடுதல் எதையும் அவர் யாருக்கும் செய்ததில்லை. அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ரீச்சர், இந்த அறைக்கு எத்தினை மூலை?"

"நாலு சேர்."

"ஏழு வேணும்."

ஜெசீகா சுவர்களைப் பார்த்தாள். "கட்டுறப்பவே நாலுதான் சேர்."

"அது வெள்ளைக்காரரின்ரை காலத்துக் கொள்கை. இப்ப வாசிப்பு மூலை, கடை மூலை, வீட்டு மூலை, அறிவியல் மூலை, இயற்கை மூலை, நீர் மூலை, அமைதி மூலை. ஒண்டையும் விடேலாது."

"ஒரே மூலையில ரெண்டு வச்சிக்கலாமா சேர்?"

"அப்பிடி வைச்சால் அது மூலை இல்லை, கலவை."

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து திட்ட ஆலோசகர் வருவார் என்றும், மூலைகளில் குறைவு காணப்படின் மேற்பிரிவு முன்பள்ளியை மூடிக் கீழ்ப்பிரிவோடு இணைக்க நேரிடும் என்றும் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துவிட்டு அவர் ஜீப் ஏறினார்.

கீழ்ப்பிரிவு என்றால் நல்ல இறக்கம், திரும்ப நல்ல ஏற்றம். நாலு வயதுப் பிள்ளை நடக்காது. ஒன்று, தாய் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைச் சேலைத் துண்டால் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும். முன்பள்ளி வருவதற்கு முன்னால் அந்த லயத்து வீடுகளில் அப்படித்தான் நடந்தது. ஜெசீகா கட்டில் காலில் வளர்ந்தவள்.

மறுநாள் தோட்டத் தலைவர் மாணிக்கராஜிடம் போனாள். தொழிற்சங்கத் தலைவர் அவர். எந்தக் கோரிக்கையையும் பேசிக் குறைத்தே பழக்கப்பட்டவர்.

"நாலு இருக்குல்ல? மூணுதான கொறையுது? இதுக்கு ஏன் புள்ள மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? செஞ்சிருவோம்."

தேயிலைப் பெட்டிப் பலகை தொழிற்சாலை ஸ்டோரில் கிடைத்தது. பதுளை கடைவீதியில் டீவி விற்கிற பாறூக் நானா அட்டைப் பெட்டிகள் தந்தார். ஞாயிற்றுக்கிழமை சுவரிலிருந்து அறையின் நடுவை நோக்கி மூன்று தடுப்புகளை அடித்தார்கள். எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு தடுப்புக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தெரியவந்தது. மூன்று கேட்ட இடத்தில் ஆறு. மொத்தம் பத்து. கேட்டதற்கு மேல் கிடைத்த முதல் கோரிக்கை இதுதான் என்று மாணிக்கராஜ் கொஞ்சம் கண் கலங்கினார்.

முன்கூட்டியே பார்த்துப் போக வந்த குமாரசிங்கம் கலங்கியது வேறு காரணத்துக்கு. "மூண்டு கூடிப்போச்சே. இதுகளுக்குப் பெயர் இல்லையே."

"சும்மா இருந்துட்டுப் போகட்டும் சேர்," என்றாள் ஜெசீகா.

"சும்மா இருக்கிற மூலைக்கு நான் மேலிடத்துக்கு என்னெண்டு பதில் சொல்லுறது?"

ஆகவே மேலதிக மூன்று மூலைகளிலும் களிமண் அப்பி, அவை மூலை என்ற தகுதியை இழக்கும்வரை மழுங்கடித்தார்கள். ஒழுகுகிற இடம் செலவில்லாமல் நீர் மூலையானது. இயற்கை மூலையின் தடுப்பு ஜன்னலை மறைத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலையும், அதற்கு மேல் மேகமும் இருந்தன. உள்ளே தடுப்பில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவை மாட்டினார்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகளை மூலைக்கு இரண்டு பேராக நிறுத்தினாள் ஜெசீகா. அதற்கு மேல் இடமில்லை. மற்றவர்கள் வாசலில் தங்கள் முறை வரும்வரை நின்றார்கள். அமைதி மூலையில் நின்ற மயூரி என்ற வாண்டு உதடு பிதுங்கி அழத் தொடங்கினாள்.

"நான் ஒன்னுமே செய்யலயே டீச்சர்."

"இது தண்டன இல்லம்மா. மகிழ்ச்சி."

மயூரி யோசித்தாள். "அப்ப எப்ப விடுவீங்க?"

ஆலோசகர் வந்த நாள் மிகவும் சுறுசுறுப்பான கற்றல் நாளாக இருந்தது. அவர் பெயர் தயானி. கொழும்பிலிருந்து எல்ல என்ற மலையூர் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கே ஓர் இரவு தங்கி, இயற்கையில் மனம் நிறைந்து வந்திருந்தார். அவரும் படம் எடுப்பவரும் குமாரசிங்கமும் மாணிக்கராஜும் உள்ளே நுழைந்ததும் அறை நிறைந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

தயானி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தார். "என்ன நேர்த்தி. ஒரு பொருள்கூடக் கலையவில்லை."

"பிள்ளையளின்ரை கை படாமல் பாதுகாத்து வைச்சிருக்கிறம்," என்றார் குமாரசிங்கம்.

வெளியே தூறல் போட்டது. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பிள்ளைகள் கடையும் வீடும் கட்டிவிட்டிருந்தார்கள். ஒரு பயல் கணக்கப்பிள்ளையாகி, சிரட்டைத் தராசில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தான். "பத்து கிலோ. கொழுந்து ஈரம், தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டு. எட்டு," என்றான். மயூரி இடுப்பில் கை வைத்து, "மழையே இல்லாத நாள்லயும் ஏன்யா வெட்டுறீங்க?" என்று கேட்டாள். வாசிப்பும் அமைதியும் தவிர மற்ற எல்லா மூலையும் அங்கே இருந்தன.

தயானி வாசல் வழியே பார்த்தார். "அந்தப் பிள்ளைகள் யார்?"

ஜெசீகா வாயைத் திறந்தாள்.

"தோட்டத்துப் பிள்ளையள், மேடம்," என்று முந்திக்கொண்டார் குமாரசிங்கம். அது பொய்யில்லை.

"வாசல் வரை வந்துமா உள்ளே வருவதில்லை?"

"ஓம் மேடம், இண்டைக்கு உள்ளுக்கை வரேல்லை." அதுவும் பொய்யில்லை.

"பாவம். பெற்றோருக்குக் கல்வியின் பெறுமதி தெரியவில்லை. அப்படித்தானே, டீச்சர்?"

அந்தப் பிள்ளைகளின் தாய்மார் விடிகாலையில் கொழுந்துக்கூடையோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு ஓடி வருகிறவர்கள் என்று சொல்லத்தான் ஜெசீகா நினைத்தாள். சொன்னால், அறையில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் கீழ்ப்பிரிவு.

"ஆமாங்க மேடம்," என்றாள்.

மேற்பிரிவு முன்பள்ளி முதல் தரம் பெற்றது. முன்மாதிரி ஆசிரியை என்று ஜெசீகாவுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அந்தப் பிரதேசத்தில் பாடசாலைக்கு வராமல் திரியும் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு விழிப்புணர்வுப் பட்டறையும் வந்தது. தின்னப் பணிஸ், குடிக்கப் பிளேன்டீ, அரைநாள் சம்பளம் உண்டு என்றதும் ஒரு தாய்கூட விடுபடாமல் எல்லாரும் அந்த அறைக்கு வந்தார்கள். மூலைக்கு இரண்டு பேராக நின்றது போக, மீதிப்பேர் தடுப்புகளுக்கு இடையில் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

மாணிக்கராஜ் தலைமையுரை ஆற்றினார். "நம்ம சனத்துக்குப் படிப்போட அரும தெரியாது. புள்ளைங்கள அனுப்ப மாட்டாங்க." வாய்ப் பழக்கத்தில் வந்ததுதான், ஆனால் சொல்லிக் கேட்டபோது அவருக்கே உண்மையாகப் பட்டது. தாய்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள். மயூரியின் அம்மா பக்கத்தில் நின்றவளிடம், "யாரு வீட்டுப் புள்ளைங்கடி அதுக? வெக்கங்கெட்டதுக," என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஜெசீகா எழுந்து, பிள்ளைகளை முன்பள்ளிக்குள் கொண்டுவருவது எப்படி என்பது பற்றிப் பேசத் தொடங்கினாள். முதலில் குரல் நடுங்கியது. கைதட்டல் விழுந்ததும் சரியாகிவிட்டது. சேற்றில் பிள்ளைகள் கொழுந்து நிறுக்கிற சத்தம் வெளியிலிருந்து பெரிதாக வந்தது.

"டீச்சர் பேசுறது ஒன்னும் கேக்கல," என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

ஜெசீகா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.