மலைக்கு வருகைப்பதிவு எடுத்தவர்

"மதிப்பிற்குரிய ஐயா, நேற்று முன்தினம் காலை எங்கள் வண்டியின் பின் டயர் பஞ்சர் ஆகிவிட்டபடியால் நிறுத்தத்துக்கு வர இயலவில்லை. அன்புகூர்ந்து ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, 8.05 வண்டி கண்டக்டர்."

கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய இந்தக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. தலைப்பில் 'புதன்கிழமை' என்று மட்டும் போட்டிருக்கிறது, தேதி இல்லை. தேதியில்லாத தாளை ஆவணமாக மதிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. இதற்கு மட்டும் விதிவிலக்கு அளித்திருக்கிறேன். ஒரு பேருந்து விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஊர் இந்த உலகத்தில் செஞ்சி ஒன்றுதான். எழுத வைத்தவர் எங்கள் 'உள்ளேன் ஐயா'.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியூர்க் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். ஓய்வுக்குப் பின் வந்த முதல் திங்கட்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பேனாவைப் பையில் செருகி, வாசல் வரை வந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது அவருக்கு உறைத்தது. திரும்ப வீட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை. நேராக நடந்து அவலூர்பேட்டை சாலை நிறுத்தத்தில் உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் எழுதாத வருகைப்பதிவேடு ஒன்று இருந்தது. அது கல்லூரிச் சொத்தல்ல, சொந்தக் காசில் வாங்கியது என்பதை நான் பதிவு செய்தாக வேண்டும். கேட்காமலே ரசீதைக் காட்டினார்.

கட்டடங்களுக்கு மேலே கோட்டை மலையான ராஜகிரி தெரிந்தது. பதிவேட்டைத் திறந்து, 'வரிசை எண் 1, ராஜகிரி' என்று எழுதி டிக் அடித்தார். அன்றிலிருந்து ஒரு நாளும் மலை ஆப்சென்ட் ஆனதில்லை. மார்கழிப் பனியில் எட்டரை மணிக்குத்தான் தலை காட்டிய சில நாட்களுக்கு மட்டும் 'தாமதம்' என்று குறிப்பு இருக்கிறது.

இரண்டாவது எண் டீ மாஸ்டர். மூன்றாவது கரண்ட், அது தினமும் வரும், ஆனால் பாதி வகுப்பில் எழுந்து வெளியே போய்விடும். நான்காவது ஒரு செவலை நாய். ஐந்தாவது, அவலூர்பேட்டை போகும் 8.05 தனியார் பேருந்து. ஆறாவது, அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஷம்ஷாத். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் சிறப்புப் பேருந்துகளை அவர் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அவை தபால் வழி மாணவர்கள், இஷ்டப்பட்டால் வருவார்கள் என்றார்.

கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கி "உள்ளேன் ஐயா" என்பார்கள். கேலி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் டிக் அடிப்பார்.

ஏன் சார் இந்த வேலை என்று நான் ஒருமுறை கேட்டேன். நாற்பது வருஷம் பாடம் நடத்தியதில் யார் கவனித்தார்கள் என்று தனக்கு இன்றைக்கும் தெரியாது, யார் வந்தார்கள் என்பது மட்டும் தெரியும் என்றார். தெரிந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டுமாம். மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த கொள்கையும் அதே அளவுக்குச் சுருக்கமானது. நல்லவர், கெட்டவர் என்பதெல்லாம் மேல்படிப்பு. முதலில் ஆள் சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்று பார்க்க வேண்டும். ப்ராக்ஸி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவக்கும். நண்பனுக்காகக் குரலை மாற்றிப் பதில் சொன்ன மாணவன் ஒருவனை ஒரு பருவம் முழுக்க இரண்டு குரலிலும் பதில் சொல்ல வைத்தாராம்.

இனி ஷம்ஷாத். நாற்பது வயதிருக்கும். அவலூர்பேட்டை சாலையில் உள்ள ஒரு கிராமத்தின் அங்கன்வாடியில் உதவியாளர். எட்டரைக்குள் அவர் போய்க் கதவைத் திறக்காவிட்டால் பிள்ளைகள் வெயிலில் நிற்கும். தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் மீது தப்பில்லை. பின்னால் வரும் போட்டி வண்டிக்குப் பயந்து 8.05 பல நாள் நிற்காமலே பறந்துவிடும். பர்மிட்டில் இல்லாத நிறுத்தம் அது. பழக்கத்தால் நின்றுகொண்டிருந்த இடம். ஷம்ஷாத் சாப்பாட்டுப் பையோடு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவார்.

அப்படி ஒரு நாள் பேராசிரியர் 8.05க்கு நேரே 'ஆ' போட்டதை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "வண்டி வந்துட்டுத்தான சார் போச்சு?" என்று கேட்டார்.

"கிளாஸ் வாசல்ல எட்டிப் பாத்துட்டு ஓடறவனுக்கெல்லாம் நான் பிரசென்ட் போட்டதில்லப்பா."

அந்த மாதக் கடைசியில் டீக்கடைத் தூணில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கல்லூரிகளில் தேர்வுக்கு முன் ஒட்டுவார்களே, அதே பாணி. 'வருகைக் குறைவுப் பட்டியல். எண் 5, 8.05 வண்டி. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழ். பெற்றோரை அழைத்து வரவும்.' இரண்டே நாளில் செஞ்சி முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு. கோட்டையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் தூணையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோட்டை கட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு வருகிற பெருமிதம் அந்த வாரம் டீக்கடை பெஞ்சைப் பற்றிப் பேசும்போதும் வந்தது.

பயணிகளின் கிண்டல் தாங்காமல் கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், வண்டிக்கெல்லாம் அட்டெண்டன்ஸா? ஏர்றவன் எறங்கறவன் எல்லாம் சிரிக்கிறான் சார். நேத்து பஞ்சர், அதுக்கும் ஆப்சென்ட்டா?"

"லீவ் லெட்டர் குடுத்தியா?"

மறுநாள் காலை கொடுத்தார். மேலே நான் காட்டியது அதுதான். விடுப்பு வழங்கப்பட்டது. அதன் பிறகு சில வாரங்கள் வண்டி ஒழுங்காக நின்றது. ஷம்ஷாத்தும் மூச்சு வாங்காமல் ஏறினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை 8.05இன் முன் இருக்கையிலிருந்து வெள்ளைச் சட்டையும் பெரிய கைக்கடிகாரமுமாக ஒருவர் இறங்கினார். வண்டியின் முதலாளி. பெற்றோர் வந்துவிட்டார்.

"வாத்தியாரே, இங்க ஏர்றது இந்த அம்மா ஒருத்தருதான். அதுவும் பாதி நாளு வர்றதே இல்லன்னு கண்டக்டர் சொல்றான். ஒண்ணாந்தேதிலேருந்து இந்த ஸ்டாப்பு கெடையாது."

கண்டக்டர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரலியாமா? தெனம் எட்டு மணிக்கு முன்னாடி இங்கதான் நிக்கிறேன்," என்றார் ஷம்ஷாத். "சார், அந்த நோட்ட காட்டுங்க சார்."

எப்போதும் கடையிலேயே இருக்கும் பதிவேட்டை மாஸ்டர் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துத் தந்தார். ஷம்ஷாத் வந்த நேரம், வண்டி வந்த நேரம், நின்றதா இல்லையா, எல்லாம் நாள்வாரியாக இருந்தன. முதலாளி எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வூட்ல குந்திக்கினு ஒரே நாள்ல எழுதினது இல்லன்னு இன்னா கேரண்டி?"

நியாயமான கேள்வி. எந்த ஆவணத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பேராசிரியர் பதில் சொல்வதற்குள் முதலாளியின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. கையெழுத்து வேறு. கோணல்மாணலான பெரிய எழுத்து. அன்று எல்லோரும் பிரசென்ட்: மலை, மாஸ்டர், கரண்ட், 8.05, ஷம்ஷாத், ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த செவலை நாய் உட்பட. கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. 'சார்: பிரசென்ட்.'

அது பேராசிரியர் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் புதுச்சேரி போயிருந்த நாள். அந்தப் பக்கத்தை வெற்றாக விட்டு, கண் மங்கலாக இருக்குமே என்று அடுத்த நாளின் பக்கத்தை முன்கூட்டியே தலைப்பெழுதி வைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து தொடர்ந்தார். வெற்றுப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குக் காரணமே இருக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சாருக்குக் கை நடுங்கிற்று, அதனால்தான் எழுத்து அப்படி என்று மாஸ்டர் சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். நல்ல பொய். முதலாளிகூடப் பாதி நம்பினார்.

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"சார், கம்முனு இருங்க சார்," என்றார் ஷம்ஷாத் மெல்ல.

"இது ப்ராக்ஸி. அன்னிக்கு நான் ஆப்சென்ட். இந்தப் பக்கம் செல்லாது," என்றார் அவர். பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு பதிவேட்டை இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார்.

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. சன்னல்களில் எல்லாம் தலைகள். ஷம்ஷாத் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். முதலாளி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார், கடைசியில் கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

"யோவ், நாளையிலேருந்து ஒழுங்கா நிறுத்து. இவுரு தன்னையே வுட மாட்றாரு, நம்மள வுடுவாரா?"

அன்று வண்டி அந்த நிறுத்தத்தில் நின்றது பதினோரு நிமிடம். பதிவேட்டில் இருக்கிறது. ஷம்ஷாத்தை அங்கன்வாடி வாசலிலேயே இறக்கிவிடச் சொன்னார் முதலாளி. மூன்றாவது மெமோ இன்றுவரை வரவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அண்மையில் பதிவேட்டை வாங்கி வந்து சரிபார்த்தேன். ரத்தான பக்கத்தில் சிவப்புக் கோடு மலையை அடித்திருக்கிறது, மாஸ்டரை அடித்திருக்கிறது, நாயையும் அடித்திருக்கிறது. கடைசி வரிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது அந்த வரியைக் காட்டி, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணியிருந்தது இல்லியா? அந்த வரி எனக்குத் தெரியல," என்றார், இருபதடி தள்ளி வரும் பேருந்தின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டே.

எழுதியது யார் என்று கண்டுபிடிக்க நானும் முயன்றேன். மாஸ்டர் தான் இல்லை என்கிறார். ஷம்ஷாத் சிரிக்கிறார். கண்டக்டரின் விடுப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டேன். அவர் எழுத்து என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே, பேராசிரியர் வராத ஒரே நாளில் அவரை வந்தவராக எழுதி வைத்த கை யாருடையது என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.