பின்னால் போகாத போன்

உலகமே முன்னேறத் துடித்துக்கொண்டிருந்தபோது, பின்னேறுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பொத்தேரி 'ரிவர்ஸ்' அண்ணாத்ததான். சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. இத்தனைக்கும் மூன்று வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன் நான்.

ஸ்டேஷன் பக்கம், ஜெராக்ஸ் கடைக்கும் அவர் மனைவி எஸ்தரக்காவின் இட்லிக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் உள்ளே நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வந்தாக வேண்டிய அளவில் அவருடைய செல்போன் கடை. அப்டேட் போட்டு நொண்டியடிக்கும் போன்களைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்புவது மட்டுமே வேலை. ஸ்கிரீன் மாற்றக் கேட்டால் பக்கத்துத் தெருவைக் காட்டுவார். அப்டேட் என்று யாராவது சொன்னாலே கசாயம் குடித்த முகமாகிவிடும்.

பழைய வெர்ஷனுக்குத் திருப்பினால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதற்காக ஒரு சடங்கு வைத்திருந்தார். எதெல்லாம் போகப்போகிறது என்று போன்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணாத்த கோடு போட்ட நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். காலேஜ் மாணவன் ஒருவன் 'ஒரு பொண்ணோட போட்டோங்க' என்றதும் பேனாவை மூடிவிட்டார். "போய் அந்தப் பொண்ணாண்ட கேட்டுகினு வா" என்று திருப்பி அனுப்பினார். போனவன் ஒரு மாசம் கழித்துத் தாடியோடு வந்து கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அவனிடம் கூலி வாங்கவில்லை, நாலு இட்லியும் இலவசம்.

அப்டேட் மேல் அவருக்கு அப்படி என்ன பகை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எஸ்தரக்காவுக்குக் காது மந்தம். இலவச மருத்துவ கேம்ப்பில் கொடுத்த காது மிஷின் சதா விசிலடித்தது. அண்ணாத்த ஒரு பழைய போனைக் கயிற்றில் கோத்து அக்கா கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். அதிலிருந்த ஒரு ஆப், எதிரில் இருப்பவர் பேசுவதைப் பெரிதாக்கி இயர்போனில் விடும். சாப்பிட வரும் மாணவர்கள், அக்கா நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பதாக நினைத்தார்கள். அந்த ஆப்பைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். புது வெர்ஷனில் அது திறக்கவே திறக்காது.

ஒரு நாள் அண்ணாத்த அச்சரப்பாக்கத்துக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். "தம்பி, இது இன்னாமோ வந்து வந்து மறிச்சிகினே கீது, பேஜாரா கீது, பாரேன்" என்று அக்கா போனை நீட்டினார். அப்டேட் கேட்கும் கட்டம். எங்கள் ஐ.டி. ஆபீஸில் அப்டேட்டை ஒரு நாள் தள்ளிப்போட்டால் மேனேஜர் வரைக்கும் மெயில் பறக்கும். பார்த்தவுடன் அமுக்குவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. நெட் போதாதென்று என் ஹாட்ஸ்பாட்டை வேறு போட்டுக் கொடுத்தேன்.

போன் அணைந்து மறுபடி எழுந்தது. ஆப் திறக்கவில்லை. அக்கா இயர்போனைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். நான் பேசுவதை என் உதட்டில் தேடினார்.

சாயங்காலம் அண்ணாத்த வந்ததும் ஒப்புக்கொண்டேன்.

"நீ இன்னா பண்ணுவ, அது தெனம் கேட்டுகினுதான் இருந்துச்சு" என்றார்.

இந்த வெர்ஷனுக்கு ஏறிவிட்டால் கம்பெனிக்காரன் பழையதற்கு வழிவிட மாட்டான், வலிய இறக்கினால் போனே செத்தாலும் செத்துவிடும் என்றும் சொன்னார். ஆனாலும் நோட்டைத் திறந்தார். மனைவி என்பதற்காகச் சடங்கை விடவில்லை. இதில் என்னென்ன இருக்கிறது என்ற கேள்வியை அக்காவுக்கு எழுதிக் காட்டினார்.

அக்கா படித்துவிட்டு, "ஒண்ணுமில்ல. உன் கொரலு மட்டுந்தான்" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டார், கையெழுத்தும் வாங்கினார். பிறகு இறக்கிப் பார்த்தார். அவர் கைக்கு வந்து பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகாத போன் அது ஒன்றுதான். திரையில் கம்பெனி முத்திரையோடு ரெண்டு நாள் நின்றது, அப்புறம் அதுவும் வரவில்லை.

நான் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்த ஆப்களில் பேச்சு உதட்டுக்குப் பின்னால் தாமதமாக வந்தது. அக்காவுக்குத் தலை சுற்றியது, திருப்பிக் கொடுத்துவிட்டார். இட்லிக் கடையில் வடை கேட்டவனுக்குப் பொங்கல் போனது. கொஞ்ச நாளில் ரெண்டு கடையையும் காலி செய்துகொண்டு, திருவிடந்தையில் அக்காவின் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

போன மாசம் போய்ப் பார்த்தேன். அண்ணாத்த வாய் திறந்து பேசுவதே குறைந்துவிட்டது. அந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில்தான் குடித்தனம் நடக்கிறது. நான் உட்கார்ந்ததும் ஏதோ எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை என்னிடமும் காட்டினார்: 'மாடிவூட்டுத் தம்பி வந்துகீறான். மூஞ்சி வாடிக்கீது. மொதல்ல சோறு போடு.'

என் போனையும் ஒரு காலத்தில் அவர்தான் பழைய வெர்ஷனுக்கு இறக்கிக் கொடுத்தார். பேங்க் ஆப் அதில் ஓடாது, அதற்கென்று தனியாக ஒரு போன் வைத்திருக்கிறேன். தினமும் அப்டேட் கேட்கிறது, தினமும் வேண்டாம் என்று அமுக்குகிறேன். அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.