பூத்துணி வளையத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் வட்டமாகச் செய்த உருப்படியான பொருள் ஒன்றே ஒன்றுதான்: பூப்போட்ட துணி சுற்றிய எம்பிராய்டரி வளையம். இதை நான் சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்தின் 'நலவாழ்வு அலுவலர்' சொன்னார். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியவர் பொய் சொல்ல மாட்டார்.

ஊரார் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு அறுநூறு படிவம். நாற்காலி ஆடுகிறது, விரல் மரத்துப்போகிறது என்று ஊழியர்கள் புலம்ப, நிர்வாகம் அதைத் தாயுள்ளத்தோடு பரிசீலித்து ஆளுக்கொரு வளையம் வழங்கியது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே துணியைக் கொடுத்துத் திருகாணியை முடுக்கினால் தைக்கலாம். தைத்து முடித்தால் வளையமே சட்டம், அப்படியே ஆணியில் மாட்டலாம். நடுவில் யாரும் எதையும் பரிசீலிக்க வேண்டியதில்லை.

தொடக்க விழாவில் மேலாளர் முதல் தையலைப் போட்டார். தையல் துணியோடு நிற்காமல் மடியிலிருந்த கால்சட்டையையும் பிடித்துக்கொண்டது. அவர் எழுந்தபோது வளையம் தொடையில் தொங்கியது. "சார் கலையோட ஒண்ணாக் கலந்துட்டார்" என்று நலவாழ்வு அலுவலர் கைதட்ட, நாங்களும் தட்டினோம். ஊசி குத்திய தொடைக்காக மேலாளருக்கு இரண்டு நாள் மருத்துவ விடுப்பு. அவரே விண்ணப்பித்து, அவரே தீர ஆராய்ந்து, அவரே ஒப்புதல் அளித்தார்.

அதைப் பார்த்துத்தான் பக்கத்து இருக்கை அக்காவுக்குத் தைரியம் வந்தது. பதினோரு வருடத் தட்டச்சில் அவருடைய வலது மணிக்கட்டு கெட்டுப்போய், டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்குகிறார். ஒரு மாதம் ஓய்வு தராவிட்டால் விரல் மடங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடு அக்கா மேலாளரிடம் போனார்.

"ஒரு மாசம் லீவு வேணும் சார்."

"பேப்பர்ல கேக்காதீங்கம்மா. இனிமே எல்லாக் கோரிக்கையும் வளையத்துலதான். சுற்றறிக்கை பாக்கலையா?"

"கை வலிக்குதுன்னுதான் சார் லீவே கேக்குறேன்."

"அதைத்தான் தைக்கச் சொல்றேன். மனசுல இருக்குறது நூல்ல இறங்கிட்டா வலி பாதி போயிடும்."

"மீதிப் பாதி?"

"சுவத்துல மாட்டினா போயிடும்."

அக்கா ஒன்பது நாள் தைத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொண்டார்.

"குடுங்கக்கா, நான் தைச்சுத் தரேன்."

"வேணாம்டா தம்பி. அடுத்தவன் தையல்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

பத்தாம் நாள் வளையம் மேலாளர் மேசைக்குப் போனது. நீல நூலில், 'மணிக்கட்டு வலி தாங்க முடியவில்லை. ஒரு மாத விடுப்பு வேண்டும்.'

"அடடா, என்ன நேர்த்தி. எங்கயாவது ஒரு தையல் கோணியிருக்கா பாருங்க."

"கையெழுத்துப் போடுங்க சார்."

"கலைப்பொருள்ல நான் எப்படிம்மா போடறது? படைச்சவங்கதான் போடணும்."

நலவாழ்வு அலுவலர் வளையத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"சார், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இவ்ளோ நுணுக்கமாத் தைக்கிற கையில வலி எப்படி இருக்கும்?"

மேலாளர் உடனே கோப்பில் எழுதினார்: 'மணிக்கட்டு நல்ல நிலையில் உள்ளது. ஆதாரம்: மேற்படி விண்ணப்பம்.'

விடுப்பு மறுக்கப்பட்டது. கையோடு 'சிறந்த கை' விருதும் வழங்கப்பட்டது. நிர்வாகம் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

ஐந்து வாரம் கழித்து அக்காவின் வலது கை விரல்கள் மூன்று மடங்க மறுத்தன. அறுநூறு படிவம் அறுபதானது. அறுபதுக்குச் சம்பளம் தரும் வழக்கம் இல்லாததால் அவரை வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாத ஓய்வு கேட்டவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வு.

வளையம் மட்டும் வரவேற்பறைச் சுவரில் நடுநாயகமாக இருக்கிறது. ஆணி அடித்தது நான்தான். வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்கிறார்கள், வாய்விட்டுப் படிக்கிறார்கள். எழுத்து அவ்வளவு தெளிவு, 'வலி' என்ற சொல்லைத் தவறவிட வழியே இல்லை. படித்து முடித்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, உருகிப்போய்க் கேட்கிறார்கள்:

"இந்த நீல நூல் எந்தக் கடையில கிடைக்கும்?"

கடை முகவரியை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.